முறைத் தூக்கம்

ராஜரத்தினத்துக்குத் தூக்கமே வராது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மனுஷன் நின்றுகொண்டே தூங்குவார். பஸ்ஸில் கம்பியைப் பிடித்தபடி தூங்கி, இறங்க வேண்டிய இடத்தைக் கோட்டைவிட்டு, கோத்தகிரி வரைக்கும் போய்த் திரும்பி வந்தவர். சர்ச்சில் ஜெபத்துக்குக் கண்ணை மூடினால் ஆமென் சொல்ல அவர் பெண்டாட்டி ஞானசுந்தரி முழங்கையால் இடிக்க வேண்டும். படுத்தால்தான் அவருக்குத் தூக்கம் வராது.

குன்னூருக்குக் கீழே ஒரு தேயிலை ஃபேக்டரியில் பதினேழு வருஷமாக அவர் டிரையர் ஆள். அரைத்த இலையை அனல் காற்றில் காயவைக்கிற மெஷின் அது. சூடு ஏறினால் தூள் கருகிப் போகும், இறங்கினால் ஈரம் நின்றுவிடும். கண்ணை எடுக்கவே முடியாது. மே மாசம் கொழுந்து வந்து குவியும்போது சாயங்காலம் ஆறு மணிக்கு உள்ளே போனால் காலையில் ஆறு, சில நாள் எட்டு. பகலில் தூங்கலாமே என்பீர்கள். எங்கே தூங்குவது? அவர் வீடு மலை ரோட்டுக் கொண்டை ஊசி வளைவுக்கு நேர் கீழே. அதே மே மாசம்தான் ஊட்டி சீசனும். மேலே ஏறுகிற ஒவ்வொரு காரும் அந்த வளைவில் ஆரன் அடித்தாக வேண்டும். அடிக்கச் சொல்லிப் போர்டே வைத்திருக்கிறார்கள். ஞானசுந்தரி ஜன்னலில் கம்பளியை ஆணி அடித்து மாட்டிப் பார்த்தாள். அவர் காதில் பஞ்சு அடைத்துப் பார்த்தார். நாலு மணி நேரம் புரளுவார். அதில் ரெண்டு மணி நேரம் தூங்கினார் என்று வைத்துக்கொண்டால் அது பெரிய விஷயம்.

இதற்கு ஃபேக்டரி ஆட்களே ஒரு வழி வைத்திருந்தார்கள். அதற்குப் பேர் முறை. ரெண்டு பேர் ஜோடி சேர்ந்துகொள்வார்கள். ஒருத்தன் டிரையருக்குப் பின்னால் கதகதப்பாக இருக்கிற சாக்குக் குவியலில் ஒரு மணி நேரம் சாய்வான். இன்னொருத்தன் ரெண்டு பேர் மெஷினையும் பார்த்துக்கொள்வான். அப்புறம் இவன், அப்புறம் அவன். முறையில் தூங்குகிறவனை எதற்காகவும் எழுப்பக் கூடாது. யாராவது கேட்டால், இப்பத்தான் பாத்ரூம் போனான் என்று சொல்லிவிட வேண்டும். சூப்பர்வைசர் கீர்த்திவாசனுக்குத் தெரியாமலா இருக்கும்? அந்தப் பக்கம் வரும்போதெல்லாம் நாலு தடவை செருமிக்கொண்டே வருவார். நல்ல மனுஷன்.

ராஜரத்தினத்தின் ஜோடி பொன்ராஜ், பக்கத்திலேயே இலை அரைக்கிற மெஷினில் நிற்பவன். பத்து வயசு சின்னவன். ஆறு வருஷ ஜோடி. இவருக்குப் பதில் அவன் நிற்பதும், அவனுக்குப் பதில் இவர் நிற்பதும் மூச்சு விடுகிற மாதிரி பழகிப் போயிருந்தது. வினையும் அங்கேதான் வந்தது.

ஏப்ரலில் வேறொரு ஃபேக்டரியில் ஒருத்தன் தூக்கக் கலக்கத்தில் ரோலருக்குள் விரலை விட்டுவிட்டான். உடனே தேயிலை வாங்குகிற கம்பெனிக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள்: எல்லா ஆளுக்கும் உடம்பு பார்க்க வேண்டும், பிரஷர் இருக்கிறவனை மெஷினில் நிறுத்தக் கூடாது. நல்லதுதானே என்று தோன்றும். மெஷினை விட்டு எடுத்தால் பகலில் சாக்கு தைக்க அனுப்புவார்கள், அதுவும் வாரத்துக்கு மூன்று நாள்தான். ராஜரத்தினத்தின் மகள் கெஸியா கோயமுத்தூரில் நர்சிங் கடைசி வருஷம். மூன்று நாள் வேலையை வைத்துக்கொண்டு அவளை எப்படி முடிக்க வைப்பது?

ஆனால் பயம் ராஜரத்தினத்துக்கு இல்லை, பொன்ராஜுக்கு. ரெண்டு வாரம் முன்னால் மெஷின் பக்கத்திலேயே அவன் மயங்கி விழுந்திருந்தான். தனக்கு பிரஷர்தான் என்று முடிவே கட்டிவிட்டான். திங்கட்கிழமை அரைக்கிற மெஷின் ஆட்களுக்கு, செவ்வாய்க்கிழமை டிரையர் ஆட்களுக்கு என்று ரெண்டு நாள் கேம்ப். வருகிற டாக்டர் வெளியூர். கார்டில் போட்டோ கிடையாது. பொன்ராஜ் தயங்கித் தயங்கித்தான் கேட்டான்.

"ஏனுங்கண்ணா, எனக்காக ஒரு முறை நிப்பீங்களா?"

அவர் யோசிக்கவே இல்லை. நாற்பத்தொன்பது வயசில் ஒரு ஊசி போட்டுக்கொண்டதில்லை, இரும்பு உடம்பு என்று அவருக்கே ஒரு பெருமை. ஒரு மாசமாகப் பின்மண்டை வலித்தது, அது டிரையர் சூடு. எழுந்தால் கண்ணை இருட்டியது, அது பித்தம். போய்க் காட்டிட்டு வாங்களேன் என்று ஞானசுந்தரி சொன்னதற்குச் சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டுக் கத்தினாரே, இருபத்துமூன்று வருஷத்தில் ஒரு நாளும் குரல் உயர்த்தாதவர், அதற்கு மட்டும் அவரிடம் காரணம் எதுவும் இல்லை.

திங்கள் காலை ஷிப்டு முடிந்த கையோடு பொன்ராஜின் கார்டை எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்தார். டாக்டர் லிஜி கூடலூர்க்காரம்மா, பேச்சில் கொஞ்சம் மலையாள வாடை. கையில் பட்டையைச் சுற்றுவதற்கு முன்னால் எத்தனை மணி நேரம் தூங்குவீர்கள் என்று கேட்டாள். இங்கேதான் ஒரு விசித்திரம் நடந்தது. சொந்தப் பேரில் யாரிடமும் சொல்லாததையெல்லாம் பொன்ராஜ் பேரில் மனுஷன் கொட்டிவிட்டார். ரெண்டு மணி நேரம்தான் தூங்குகிறேன் என்றார். ஆரன் சத்தம் கேட்காத நேரத்திலும் காதுக்குள் ஆரன் கேட்கிறது என்றார். போன வாரம் மகள் போன் பண்ணினபோது ஒரு நிமிஷம் அவள் பேரே ஞாபகம் வரவில்லை, பயந்துபோய் வைத்துவிட்டேன் என்றார். சொல்லச் சொல்ல அழுகை முட்டியது. அடுத்தவன் சங்கடத்தைச் சொல்கிறோம் என்ற தைரியத்தில் அழவும் செய்தார்.

டாக்டர் ஒன்றுக்கு மூன்று தடவை அளந்தாள். நூற்றுத் தொண்ணூற்றாறு, கீழே நூற்றுப் பதினெட்டு. நாக்குக்கு அடியில் வைக்க ஒரு மாத்திரை கொடுத்து, அரை மணி நேரம் உட்கார வைத்தாள்.

"பொன்ராஜ், இன்னிக்கு ராத்திரி நீங்க வேலைக்குப் போகக் கூடாது. நேரா குன்னூர் ஆஸ்பத்திரிக்குப் போகணும். இது விளையாட்டில்லை."

தலையாட்டிவிட்டு வெளியே வந்தார். கேட்டுக்கு வெளியே டீக்கடை வரைக்கும் நடந்தார். நடக்கும்போது அவர் மனசு முழுக்க என்ன தெரியுமா? பாவம் பொன்ராஜ், சின்னப் பையன், இவ்வளவு பிரஷரா, அவன் பெண்டாட்டியிடம் எப்படிச் சொல்வது என்கிற கவலை! ஒரு மாசம் தூங்காத மண்டை அப்படித்தான் வேலை செய்யும். டீக்கடையில் காத்திருந்த பொன்ராஜின் தோளைத் தடவி, தைரியமாக இரு, பார்த்துக்கொள்ளலாம் என்று ஆறுதல் வேறு சொன்னார்.

பொன்ராஜ் கார்டை வாங்கிப் பார்த்தான். பட்டை சுற்றி அளந்த அவர் கையைத் தொட்டான்.

"அண்ணா, கை உங்களுதுங்க," என்றான்.

அப்புறம் நடந்தது எல்லாம் மளமளவென்று நடந்தது. மத்தியானத்துக்குள் கீர்த்திவாசன் பொன்ராஜின் பேரை மெஷின் லிஸ்ட்டிலிருந்து எடுத்துவிட்டார். பொன்ராஜ் குன்னூர் போய் ஒரு கிளினிக்கில் காட்டினான். அவனுக்கு பிரஷர் ஒன்றும் இல்லை, சாப்பிடாமல் நின்றதில் வந்த மயக்கம் என்று சொல்லிவிட்டார்கள். அதை வந்து ஃபேக்டரியில் சொல்ல முடியுமா? சொன்னால் கை மாற்றி வைத்தது தெரிந்து ரெண்டு பேரும் வெளியே. பொன்ராஜ் கோபப்பட்டிருந்தால்கூட ராஜரத்தினத்துக்குத் தேவலாம் போல இருந்திருக்கும். அவன் கோபப்படவில்லை. நாளைக்கு உங்க கார்டுல நான் போய் உட்காருகிறேன், என் பேர்தான் போயிடுச்சு, உங்க பேராவது நிக்கட்டும் என்றான். கெஸியா படிப்பு முடிகிற வரைக்கும் ஓட்டுங்க, அதுக்குள்ள மாத்திரையை வாங்கிப் போட்டுக்குங்க என்றான். பாசம்தான். அந்தப் பாசத்தைத் தட்ட ராஜரத்தினத்துக்குத் தெம்பு இல்லை. சரி என்றார்.

அன்றைக்கு ராத்திரி வேலைக்கும் போனார். போகக் கூடாது என்று டாக்டர் சொன்னது பொன்ராஜிடம்தானே. அவன் இடத்தில் பாக்கிங்கிலிருந்து ஒரு புது ஆளை நிறுத்தியிருந்தார்கள். அவனுக்கு முறை தெரியாது. அவனை நம்பி டிரையரை விடவும் முடியாது. அரைக்கிற மெஷினையும் அரைக் கண்ணால் பார்த்துக்கொண்டு, சாக்குக் குவியலை ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டு, விடிய விடிய நின்றார். விடியும்போது ஒரு முடிவுக்கு வந்திருந்தார். அந்த டாக்டரம்மாவிடம் சொன்னதையெல்லாம் இன்னொரு தடவை சொல்ல வேண்டும். இந்தத் தடவை ராஜரத்தினம் என்று சொல்லிவிட்டுச் சொல்ல வேண்டும். என்ன ஆனாலும் ஆகட்டும்.

செவ்வாய் காலை கேம்ப் நடக்கிற ஹாலுக்கு வெளியே பெஞ்சில் பொன்ராஜ் முன்னாடியே வந்து உட்கார்ந்திருந்தான், அவருடைய கார்டைக் கையில் வைத்துக்கொண்டு. ராஜரத்தினம் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். உள்ளேயிருந்து ஒரு நர்ஸ் எட்டிப் பார்த்து, ராஜரத்தினம் யாருங்க என்று கூப்பிட்டாள்.

ரெண்டு பேரும் எழுந்தார்கள்.

பொன்ராஜ் அவரை முறைத்தான், உட்காருங்க என்கிற மாதிரி. அவர் தலையை ஆட்டிவிட்டு, கார்டைக் கொடு என்று வலது கையை நீட்டினார். பொன்ராஜ் கொஞ்சம் தயங்கி, வைத்தான். கார்டு தரையில் விழுந்தது. குனிந்து எடுத்து மறுபடியும் வைத்தான். மறுபடியும் விழுந்தது. ராஜரத்தினம் தன் விரல்களையே பார்த்தார். மடங்கு என்று சொல்கிறார், மடங்கவில்லை. யாரோ ஒருத்தனுடைய கையை இவர் சட்டைக்குள் வைத்துத் தைத்துவிட்ட மாதிரி தொங்கியது. என்னடா இது என்று கேட்டார். கேட்டது வார்த்தையாக வரவில்லை, எச்சில்தான் வழிந்தது. கால் மடங்கி, பொன்ராஜ் மேல் சாய்ந்தார்.

டாக்டர் லிஜி ஓடி வந்து முகத்தைப் பார்த்ததும் பொன்ராஜ் என்று கூப்பிட்டாள். நேற்றைய சீட்டைத் தேடி எடுத்துக்கொண்டு வரச் சொல்லி நர்ஸை விரட்டினாள்.

"டாக்டர், நான்தானுங்க பொன்ராஜு," என்றான் அவன். கீர்த்திவாசன் பின்னால் நிற்பதை அவன் பார்த்துவிட்டுத்தான் சொன்னான். "நேத்து நீங்க பாத்தது இவரைத்தானுங்க. அந்தச் சீட்டுல என் பேரை அடிச்சிட்டு ராஜரத்தினம்னு எழுதுங்க."

டாக்டர் ஒரு நொடி அவனைப் பார்த்தாள். திட்டுவதற்கு நேரம் இல்லை. அடித்து எழுதினாள். கீர்த்திவாசன் செருமவில்லை, ஃபேக்டரி ஜீப்பைத் தானே போய் எடுத்து வந்தார். டாக்டரம்மா முன்சீட்டில் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணிக்கொண்டே, பேச்சுக் கொடுத்துக்கொண்டே வா, கண்ணை மூட விடாதே என்று பொன்ராஜிடம் சொன்னாள்.

ஜீப் மேலே ஏறியது. பொன்ராஜின் மடியில் தலை. பதினேழு வருஷமாக எங்கே போனதென்று தெரியாத தூக்கம் ராஜரத்தினத்துக்கு மொத்தமாக வந்தது. காலிலிருந்து கதகதவென்று ஏறியது. ஆரனெல்லாம் எங்கோ தூரத்தில் கேட்டது. இவ்வளவு சுகமாக ஒன்று இருக்கிறது என்பதையே அவர் மறந்துபோயிருந்தார்.

"அண்ணா, தூங்கிறாதீங்க. அண்ணா, என்னைப் பாருங்க."

ஆறு வருஷத்தில் பொன்ராஜ் அவரை ஒரு தடவைகூட நடுவில் எழுப்பியதில்லை. ராஜரத்தினத்துக்குக் கோபமே வந்துவிட்டது. ராத்திரி பூரா நான்தானேடா நின்றேன், இப்போது என் முறை என்று சொல்லப் பார்த்தார். வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு, ஒரு முனகல் மட்டும் வந்தது. பொன்ராஜுக்கு அது போதும்.

"இல்லீங்கண்ணா. இன்னிக்கு முறை கிடையாதுங்க," என்று கன்னத்தைத் தட்டினான். தட்டத் தட்ட அவர் கண் மூடிக்கொண்டே போனது. அப்போது ஜீப் அவர் வீட்டுக்கு மேலே இருக்கிற கொண்டை ஊசி வளைவுக்கு வந்திருந்தது. எதிரில் சீசன் வண்டிகள் வரிசையாக நின்று ஆரன் அடித்தன. அவர் இமை லேசாகத் துடித்தது. பொன்ராஜ் அதைப் பார்த்துவிட்டான். முன்னால் எட்டிக் கீர்த்திவாசனின் தோளை உலுக்கினான்.

"சார், ஆரன்ல இருந்து கையை எடுக்காதீங்க சார். ஆஸ்பத்திரி வரைக்கும் அடிச்சுக்கிட்டே போங்க."