பெட்டிக்குள் சொருகிய குச்சி

அந்தக் கோடையில்தான் நான் கண்ணைத் திறந்துகொண்டே தூங்கக் கற்றேன். முத்திருளன் என்னையும் மிஞ்சியவன், சைக்கிள் மிதித்துக்கொண்டே தூங்குவான். பழங்காநத்தம் முக்கில் லாரிக்காரர் ஆரன் அடித்தால் சைக்கிள்தான் தானாக ஒதுங்கும். அவன் விழிக்க மாட்டான்.

எண்பத்தாறோ எண்பத்தேழோ. பழங்காநத்தம் தாண்டி ஒரு மாட்டுத் தீவன ஆலை. நாங்கள் இருவரும் அங்கே எலக்ட்ரீசியன்கள். தவிடு, புண்ணாக்கு, சோளம் எல்லாம் ஒரு பெரிய இரும்புத் தொட்டிக்குள் விழும். மேலே கரும்புப் பாகுக் கழிவை ஊற்றுவார்கள். உள்ளே ஆள் உயர இரும்பு அலகு சுற்றிச் சுற்றிக் கலக்கும். அந்தப் பாகு வாடையைச் சொல்லி முடியாது. துவைத்த சட்டையைக் கொடியில் போட்டால் எறும்புகள் ஊர்வலமாக வந்து, பொத்தானைக் கழற்றி, சட்டையை இறக்கிக்கொண்டு போகும். நானே பார்த்திருக்கிறேன்.

ஷிப்டு முடிந்ததும் ஒருவர் தொட்டிக்குள் இறங்கி, அலகில் ஒட்டியதைச் சுரண்ட வேண்டும். அது சோணையின் வேலை. தொட்டிக்குப் பக்கத்திலேயே ஒரு கைப்பிடிச் சுவிட்ச் இருந்தது. சோணை அதைக் கீழே இழுத்து, அதன்மேல் தன் துண்டை முடிந்துவிட்டு இறங்குவார். துண்டு தொங்கினால் ஆள் உள்ளே இருக்கிறார் என்று ஆலைக்கே தெரியும்.

அப்போதுதான் பம்பாயிலிருந்து பெட்டி வந்தது. எல்லா மோட்டாரையும் அதுவே ஓட்டும், அதுவே நிறுத்தும், எதை எப்போது என்று எழுதிக் கொடுத்தால் போதும் என்றார்கள். கூட வந்த இன்ஜினியர் அரை நாள் இங்கிலீஷில் பொரிந்து தள்ளிவிட்டுச் சாயங்கால ரயிலைப் பிடித்துவிட்டார். எங்களுக்கு மிஞ்சியது தலையணை கனத்துக்கு ஒரு புத்தகம். தலையணையாக அது மோசமில்லை. பெட்டிக்கு மாறியதும் தொட்டிப் பக்கத்துக் கைப்பிடி போய்விடும் என்றார்கள். இனி எல்லாப் பட்டனும் கீழே, கண்ணாடிக் கதவு போட்ட அறையில்.

பகல் முழுக்க ஆலை வேலை, அது முடிந்ததும் பெட்டிப் படிப்பு. தொட்டியின் மூடி சாத்தியிருப்பதாக மூடி சுவிட்ச் சொல்லி, பட்டனையும் அமுக்கினால், அலகு சுற்றலாம் என்பது ஒரு படி. இப்படிப் படிப்படியாக ஏணி போல வரைந்து, அதைக் கால்குலேட்டர் மாதிரி ஒன்றில் எழுத்தெழுத்தாகத் தட்டவேண்டும். ஒன்று தவறினால் பெட்டி முறைக்கும். என் மாமனார் கூட என்னை அப்படி முறைத்ததில்லை.

புத்தகம் ஒரு நல்ல புத்தி சொன்னது. எடுத்த எடுப்பில் மோட்டாரைத் தொடாதே, அதற்குப் பதில் பல்பைக் கட்டி ஓட்டிப் பார் என்றது. பல்பு எரிந்தால் மோட்டார் ஓடுவதாகக் கணக்கு. கல்யாண வீடு மாதிரி வரிசையாகக் கட்டினோம். தல்லாகுளத்திலிருந்து ஸ்கூட்டரில் வந்து இறங்கிய மேனேஜர், மாப்பிள்ளை யார் என்று கேட்டார்.

ஒவ்வொரு தடவையும் ஒருவர் இரும்புப் படியேறி, தொட்டி மூடியைத் திறந்து மூட வேண்டும். நான் ஏறிய படிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் அழகர்மலை அதற்குப் பக்கத்தில் குனிந்துதான் நிற்க வேண்டும். ஒரு ராத்திரி என் முழங்கால்கள் வேலைநிறுத்தம் செய்தன. பெட்டியில் ஒரு வசதி உண்டு. மூடி எப்படி இருந்தாலும், மூடியிருப்பதாகவே வைத்துக்கொள் என்று அதற்குச் சொல்லிவிடலாம். சொல்லிவிட்டோம். தோட்டத்து மோட்டாரில் ஸ்டார்ட்டர் பட்டன் அமுங்கி நிற்காவிட்டால் வேப்பங்குச்சியைச் சொருகி வைப்பார்களே, அதே கைவேலைதான். சொருகியது நானா முத்திருளனா என்ற வழக்கு எங்களுக்குள் இன்னும் தீரவில்லை. ஸ்டார்ட்டரில் சொருகிய குச்சி போகிறவர் வருகிறவர் கண்ணில் படும். பெட்டிக்குள் சொருகியது படாது. தூக்கக் கலக்கத்தில் அது எங்கள் நினைவிலிருந்தும் போய்விட்டது.

பல்புகளை அவிழ்த்து மோட்டார்களை மாட்டினோம். தொட்டிப் பக்கத்துக் கைப்பிடியைக் கழற்றிப் பழைய இரும்போடு போட்டார்கள். நாளை முதல் பெட்டிதான் என்று மேனேஜர் அறிவித்தார்.

அன்றைக்குச் சாக்குத் தைக்கும் ஊசியோடு செல்லக்கிளி வந்து நின்றாள். அவள் சோணையின் மனைவி. கைப்பிடியைக் கழற்றிவிட்டீர்களே, அவர் துண்டை எங்கே கட்டுவார் என்று கேட்டாள். மூடி திறந்திருந்தால் அலகு சுற்றவே சுற்றாது என்று முத்திருளன் ஏணிப் படத்தைக் காட்டி விளக்கினான். அவள் கடைசிவரை கேட்டுக்கொண்டாள்.

"இம்புட்டையும் எழுதுனது நீங்கதானண்ணே?"

ஆமாம் என்றான்.

"அப்ப நீங்க உள்ள எறங்குங்க. மூடியத் தெறந்து வச்சுட்டு நான் பட்டன அமுக்குறேன். ஓடலைன்னா நாளைக்கு எம் புருசன் எறங்கட்டும்."

மேனேஜர் உடனே சம்மதித்தார். இறங்கப்போவது அவர் இல்லையே. முத்திருளன் என் முகத்தைப் பார்த்தான். ஒண்ணுக்குப் போயிட்டு வாரேன் என்று அறைப் பக்கமாகப் போய், திரும்பி வந்து, படியேறித் தொட்டிக்குள் இறங்கினான். மடி புடைத்திருந்தது. பாதி தின்ற வடையை முடிந்திருக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

நான் கீழே அறையில் செல்லக்கிளி பக்கத்தில் நின்றேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு பட்டனை அமுக்கினாள்.

டக்.

மோட்டாருக்குக் கரண்டைத் திறந்துவிடும் கான்டாக்டரின் சத்தம் அது. அந்தச் சத்தம் கேட்டால் அடுத்த மூச்சில் அலகு சுற்றும். என் கை தானாகப் போய் நிறுத்தும் பட்டன்மேல் விழுந்தது. என் உயிர் எனக்கு முன்னாலேயே கிளம்பித் திருப்பரங்குன்றம் வரை ஓடி, அங்கே நின்று திரும்பிப் பார்த்தது. தொட்டியிலிருந்து சத்தமே இல்லை. அப்புறம்தான் பலகையைப் பார்த்தேன். கரண்டு பில் கட்டாத வீட்டில் உருவிக்கொண்டு போவார்களே, அந்தப் பீஸ் கட்டை, மோட்டாருக்கு உண்டான மூன்றும் இல்லை. பல் விழுந்த வாய் மாதிரி மூன்று ஓட்டைகள்.

அலகு சுற்றவில்லை என்று மேலே எல்லோரும் கை தட்டினார்கள். சோணை முத்திருளனைக் கை கொடுத்துத் தூக்கிவிட்டார். நாளைக்கு நீ இறங்கலாம் என்று மேனேஜர் சோணையின் தோளில் தட்டினார்.

முத்திருளன் படியிறங்கி வந்ததும் அவன் காதோடு சொன்னேன்:

"டக்குன்னுச்சு மாப்ள."

"கேட்டுச்சு."

"கட்டைய எதுக்குடா உருவுன?"

"எழுதுனது யாருன்னு எனக்குத் தெரியும்ல."

சிரிக்கக்கூட எங்களுக்குத் தெம்பு இல்லை. குச்சி இருவருக்கும் அப்போதுதான் நினைவு வந்தது. அது ஒன்றுதானா, இன்னும் எத்தனை சொருகி வைத்திருக்கிறோம் என்பதும் தெரியாது. உண்மையைச் சொன்னால் எல்லாவற்றையும் முதலிலிருந்து பார்க்க வேண்டும். மறுபடி பல்பு, மறுபடி படி, மறுபடி தலையணைப் புத்தகம். சொல்லாவிட்டால் இப்போதே வீட்டுக்குப் போய்ப் படுக்கலாம். பாய் என் கண் முன்னால் விரிந்து கிடந்தது. நாளை சோணையின் மடியில் பீஸ் கட்டை இருக்காது.

முத்திருளன் மடியை அவிழ்த்து, மூன்று கட்டைகளையும் செல்லக்கிளியின் கையில் வைத்தான்.

"ஓடியிருக்கும் தாயி. இது எம் மடியில இருந்ததாலதான் ஓடலை."

மேனேஜரின் முகம் பாகு ஊற்றிய தவிடாக மாறியது. செல்லக்கிளி அவரைப் பார்க்கவில்லை, எங்களையும் திட்டவில்லை. கட்டைகளைப் புரட்டிப் பார்த்தாள். இது இல்லாமல் ஓடாதுதானே என்று கேட்டாள். ஓடவே ஓடாது என்றான்.

"அப்ப அவரு உள்ள இருக்க வரைக்கும் இது எங்கிட்ட இருக்கட்டும்."

மறுபடி பல்பு கட்டினோம். ஒவ்வொரு குச்சியாகத் தேடி எடுத்தோம். மூடி சுவிட்சின் ஒயரைப் பெட்டியை மட்டும் நம்பி விடாமல், கான்டாக்டருக்கே நேராக இழுத்தோம். பெட்டி என்ன நினைத்தாலும் மூடி திறந்திருந்தால் கரண்டு போகாது. அந்த நாட்களில் நான் சோற்றில் கை வைத்தபடியே தூங்கி, விடிந்து எழுந்து அதே சோற்றைச் சாப்பிட்டிருக்கிறேன். கடைசியில் பெட்டி ஒழுங்காக ஓடியது. ஆனாலும் சோணை இறங்கும்போதெல்லாம் கட்டை மூன்றும் செல்லக்கிளியின் முந்தியில்தான்.

ஒரு நாள் மத்தியானம் ஆலை கிளம்பவில்லை. செல்லக்கிளி தன் அம்மாவைப் பஸ் ஏற்றிவிட ஆரப்பாளையம் போயிருந்தாள், முந்தியில் பீஸ் கட்டைகளோடு. மறந்துபோய்க் கொண்டுபோய்விட்டாள் என்று மேனேஜர் குதித்தார். ஸ்டோரில் வேறு கட்டை இருக்கிறதே, எடுத்து மாட்டு என்றார். ஸ்டோர் சாவி என் இடுப்பில் இருந்தது.

முத்திருளன் படியேறித் தொட்டியை எட்டிப் பார்த்தான். நானும் பின்னால் போனேன். இரண்டு ஷிப்டு சேர்த்துப் பார்த்த சோணை, கழுவிவிட்ட இரும்பின் குளிர்ச்சியில், அலகின் வளைவில் தலை வைத்து, துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். அவர் விட்ட குறட்டைக்குத் தொட்டியே லேசாக அதிர்ந்தது.

"சாவியத் தொலைச்சுரு மாப்ள," என்றான் முத்திருளன்.

தொலைத்தேன். ஆரப்பாளையம் பஸ் திரும்பி வரும் வரை மேனேஜர் தேடிக்கொண்டிருந்தார். நாங்கள் இருவரும் தவிட்டு மூட்டைமேல் படுத்து, கண்ணை மூடித் தூங்கினோம்.