சுவர் தின்ற இரண்டேகால் அடி

"கோட்டுல ஆணி அடிச்சுப் படம் மாட்டுவீங்களா அக்கா?"

கேட்டவளுக்கு அந்த ஆபீஸில் ஸ்கேல் என்று பெயர். ஒல்லி, நெட்டை, எதற்கும் வளைந்து கொடுக்க மாட்டாள். வீட்டு ப்ளான் போட்டுக் கொடுக்கும் சின்ன ஆபீஸ் அது. எஞ்சினியருக்கு அடுத்தபடி அவள்தான் எல்லாம். மேஜையில் விரித்திருந்த தாளைக் குனிந்து பார்த்தபடி, சிவப்புப் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு நின்றாள்.

"புரியலம்மா" என்றாள் பாப்பா.

பாப்பாவுக்கு நாற்பத்து மூன்று வயது. வீட்டில் கடைசியாகப் பிறந்ததால் ஒட்டிக்கொண்ட பெயர், தலை நரைத்த பிறகும் விடவில்லை. ஆபீஸில் ஃபோன் எடுக்கச் சேர்ந்தவள், கை சும்மா இருக்கவில்லை என்று படம் போடக் கற்றுக்கொள்ள ஆரம்பித்திருந்தாள். கம்ப்யூட்டர் அப்புறம்தான், முதலில் கையால் போட்டுப் பழகு என்று எஞ்சினியர் சொல்லிவிட்டார்.

"சுவர் எங்கேன்னு கேக்கறேன்."

"இதோ கோடு போட்டிருக்கேனே."

"அது கோடு. சுவர் எங்கே? கோட்டுக்குக் கனம் கிடையாது, செங்கல்லுக்கு உண்டு. வெளிச்சுவர் ஒன்பது இன்ச், உள்சுவர் நாலரை. ஒவ்வொரு சுவருக்கும் ரெண்டு கோடு வரணும்."

"அவ்வளவுதானே? பக்கத்துல இன்னொரு கோடு இழுத்துடறேன்."

"இழுங்க. எந்தப் பக்கம் இழுப்பீங்க? வீட்டோட மொத்த அகலம் என்ன?"

"முப்பத்திரண்டு அடி. சுத்தி விட வேண்டியதை விட்டா, மனையில அவ்வளவுதான் கிடைக்குது."

"உள்ளே?"

"அண்ணன் ரூம் பன்னிரண்டு. அண்ணன் பொண்ணு ரூம் பதினொண்ணு. என் ரூம் ஒன்பது. முப்பத்திரண்டு சரியா வருது. ரெண்டு தடவை கூட்டிப் பார்த்தேன்."

"கூட்டல்ல தப்பே இல்ல. மூணு ரூமையும் அந்தரத்துல தொங்க விட்டிருக்கீங்க, அதான் தப்பு. ரெண்டு வெளிச்சுவர், ரெண்டு உள்சுவர். என்ன ஆச்சு?"

பாப்பா விரல் விட்டு எண்ணினாள். "இருபத்தேழு இன்ச்."

"ரெண்டேகால் அடி. இதை யாருகிட்டேருந்து எடுக்கப் போறீங்க?"

பாப்பாவின் முகம் சுண்டிவிட்டது. மூன்றாவது ரூமில் அவள் ஒரு கட்டில் வரைந்திருந்தாள். தலையணைக்கு ஒரு சின்னக் கட்டம்கூடப் போட்டிருந்தாள். வெளிச்சுவரில் நான்கடிக்கு ஜன்னல்.

அந்த ஜன்னலுக்கு ஒரு கதை உண்டு. அப்பா படுத்த படுக்கையாகக் கிடந்தபோது, பழைய வீட்டின் நடுக்கூடத்தில் அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் பாய் போட்டுப் படுத்தவள் பாப்பா. காற்று வராத இடம். மருந்து வாடை உடம்போடு ஊறிப்போனது. அப்பா போன பிறகு மனையை அண்ணன் பேருக்கு மாற்ற அவளும் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. "இடிச்சுப் புதுசா கட்டறேன் பாப்பா. உனக்குன்னு ஒரு ரூம். பெரிய ஜன்னலோட" என்றான் அண்ணன். அவன் சொன்னது பொய்யில்லை. சொன்ன அன்று அப்படித்தான் நினைத்திருந்தான். அதனால்தான், வீட்டிலேயே ஆள் இருக்கும்போது வெளியே எதற்குக் கொடுப்பது என்று ப்ளானையும் அவளிடமே ஒப்படைத்தான்.

ஸ்கேலுக்கு இவ்வளவும் தெரியாது. ஆனால் முகத்தைப் பார்த்தால் பாதி தெரிந்துவிடும்.

"ஏன்க்கா, இடிஞ்சு போய் உக்காந்துட்டீங்க? இன்னும் கட்டவே இல்லையே. ரூமுக்கு ஒன்பது இன்ச்னு மூணுலயும் எடுத்துடுங்க. தீர்ந்தது. உங்களுக்கு எட்டேகால் நிக்கும். எட்டுக்குக் கீழ மட்டும் இறங்கக் கூடாது."

"இறங்கினா?"

"படுக்கை அறைன்னு எழுத முடியாது. ஸ்டோர்னுதான் எழுதணும். ப்ளான் பாஸ் பண்றவங்க முதல்ல அதுலதான் கை வைப்பாங்க."

பாப்பா புதுத் தாள் எடுத்தாள். இந்த முறை சுவர்களை முதலில் போட்டாள். வெளியே மொத்த அளவு, அதற்கு உள்வரிசையில் சுவர், அறை, சுவர், அறை என்று துண்டு துண்டாக. ஒவ்வொரு துண்டின் முனையிலும், அளவு அங்கே முடிகிறது என்று காட்ட, சாய்வாக ஒரு சிறு வெட்டு. பதினொன்றேகால், பத்தேகால், எட்டேகால். உள்ளே கூட்டினால் வெளியே இருப்பது வந்தது. பள்ளிக்கூடத்தில்கூட அவளுக்கு எந்தக் கணக்கும் இவ்வளவு அழகாக வந்ததில்லை.

சாயங்காலம் சாப்பாட்டு மேஜையில் தாளை விரித்தபோது, அண்ணன் முதலில் பார்த்தது தன் ரூமைத்தான்.

"பன்னிரண்டு எங்கே போச்சு?"

"சுவருக்குப் போயிடுச்சுண்ணா. நான் முதல்ல சுவரையே கணக்குல சேர்க்கல. இப்ப மூணு ரூம்லயும் சமமா எடுத்திருக்கேன்."

அண்ணி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். "என்னது, குறையுதா? உன் முதல் படத்தைப் பார்த்து அலமாரிக்குக் கார்பெண்டர் அளவு எடுத்துட்டுப் போயாச்சே! சுவர்லேருந்து சுவர் வரைக்கும் பன்னிரண்டு அடி. பலகையும் அறுத்தாச்சு."

"ஒன்பது இன்ச்தான் அண்ணி."

"ஒன்பது இன்ச்தானா? கல்யாணம் ஆகி வந்ததிலேருந்து என் துணியெல்லாம் கொடியிலதான் தொங்குது பாப்பா. ஒரு கதவைத் திறந்து, என் துணியை நான் எடுத்ததில்ல. அறுத்த பலகையை மறுபடி வெட்டச் சொல்றியா?"

அதுவும் நியாயம்தான். கொடியில் தொங்கியதைத் தினமும் பார்த்தவள் பாப்பா.

அண்ணன் மகள் கைப்பேசியிலிருந்து தலை தூக்கினாள். "என் ரூம்ல எடுத்துக்கோங்க அத்தை."

"நீ சும்மா இருடி. உனக்குக் கட்டில், படிக்கற மேஜை, புத்தக ரேக் எல்லாம் அளந்துதான் பதினொண்ணு சொன்னேன். அப்புறம் மேஜையைத் தலையில வச்சுக்குவியா?" என்றாள் அண்ணி.

பெண் மறுபடி குனிந்துகொண்டாள்.

அண்ணன் தாளைச் சுழற்றிச் சுழற்றிப் பார்த்தான். "முதல் படத்துல எல்லாம் சரியாத்தானே இருந்துச்சு? அதையே கொடுத்தா என்ன?"

"அதுல சுவரே இல்லண்ணா."

"இதை முன்னாடியே பார்த்திருக்கக் கூடாதா?"

"கத்துக்கறேன் இல்ல? தப்பு என்னுதுதான்."

அந்த வார்த்தைக்காகவே காத்திருந்த மாதிரி அண்ணி சொன்னாள்: "தப்பு உன் கணக்குல. எங்க ரூம்ல கை வச்சா எப்படி?"

அண்ணன் ஏதாவது சொல்வான் என்று பாப்பா அவன் முகத்தையே பார்த்தாள். அவன் எட்டேகால் என்று எழுதியிருந்த இடத்தில் விரலை வைத்தான்.

"முழுசும் இதுலயே எடுத்தா?"

"ஆறேமுக்கால் ஆயிடும். எட்டுக்குக் கீழ போனா ரூம்னு எழுத முடியாது. ஸ்டோர்னு எழுதணும்."

"எழுதேன். பேருதானே? நீ உள்ளே படுக்கறதை யாரு வந்து எட்டிப் பார்க்கப் போறாங்க?"

"ஜன்னலோட ஒரு ரூம்னு நீதானேண்ணா சொன்னே."

"ஜன்னலை யாரு வேணாம்னா?"

"ஸ்டோருக்குப் போய் நாலடி ஜன்னலா?" என்றாள் அண்ணி. "மழைச் சாரல் அடிச்சா உள்ளே இருக்கற சாமான் என்னத்துக்கு ஆகும்? மேல சின்னதா ஒரு வெண்டிலேட்டர் வை, போதும். அப்படியே ஒரு பரணும் போட்டுட்டா பெரிய பாத்திரமெல்லாம் ஏத்திடலாம். கீழ பாப்பா, மேல பாத்திரம்." சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். கெட்ட எண்ணத்தோடு சிரிக்கவில்லை. வேடிக்கையாகத்தான் சொன்னாள். அண்ணனும் லேசாகச் சிரித்தான்.

பாப்பா தாளைச் சுருட்டிக்கொண்டாள்.

மறுநாள் மூன்றாவது தாள். நாலடி ஜன்னல் போய் ஒன்றரை அடி வெண்டிலேட்டர் வந்தது. ஸ்டோருக்குப் போதும் என்று கதவும் மூன்றடியிலிருந்து இரண்டரைக்கு இறங்கியது. கட்டில் வரையவில்லை. எழுத்துகளை வரிசை பிசகாமல் 'ஸ்டோர்' என்று எழுதி, அடியில் அகலத்தைக் குறித்து, ஸ்கேலிடம் நீட்டினாள்.

ஸ்கேல் காதிலிருந்த சிவப்புப் பென்சிலை எடுத்து ஒவ்வொரு அளவாகத் தொட்டுக்கொண்டே போனாள். உள்ளே கூட்டினாள், வெளியே பார்த்தாள். கதவு எந்தப் பக்கம் திறக்கிறது என்று பார்த்தாள். பென்சில் எங்கேயும் நிற்கவில்லை.

"முதல் தடவையா ஒரு திருத்தம்கூட இல்ல" என்றவள், அதன் பிறகுதான் கவனித்தாள். "உங்க ரூம் எங்கேக்கா?"

"இதான். ஆறேமுக்கால்."

"ஸ்டோர்னு போட்டிருக்கீங்க."

"எட்டுக்குக் கீழ போனா அப்படித்தான் போடணும்னு நீதானேம்மா சொன்னே?"

ஸ்கேல் பென்சிலை மறுபடி காதில் செருக மறந்து, கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். எஞ்சினியர் வந்தார். பார்த்தார். "பரவாயில்லையே, தேறிட்டீங்க" என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

மத்தியானம் சாப்பிடும்போது பாப்பா கேட்டாள்: "நீ இருக்கற ஹாஸ்டல்ல இடம் இருக்குமா?"

"யாருக்கு?"

"எனக்குத்தான்."

"ரூமெல்லாம் கிடைக்காதுக்கா. ஒரு ரூமுக்கு நாலு பேர். ஒரு கட்டில் காலியாகுது. அதுவும் சுவர் ஓரம், ஃபேன் காத்து எட்டாது."

"கட்டில் என்ன அளவு?"

"ஆறேகாலுக்கு மூணு." ஸ்கேல் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். "சண்டை போட்டுப் பார்க்கலாமேக்கா. உங்க அப்பா மனையாத்தானே இருக்கும்? உங்களுக்கும் பங்கு உண்டே."

"அண்ணன் பேருக்கு மாத்தக் கையெழுத்துப் போட்டாச்சேம்மா. இனி எதை வச்சுச் சண்டை போடறது? அது என் கூடப் பிறந்தவன் வீடு. சண்டை போட்டு வாங்கின ஒண்ணரை அடியில எனக்குத் தூக்கம் வருமா?"

ஸ்கேல் பாதிச் சோற்றோடு டப்பாவை மூடினாள்.

பழைய வீட்டை இடிக்கும்போது எல்லோரும் வாடகை வீட்டுக்குப் போவதாக ஏற்பாடு. அன்று சாயங்காலம் பாப்பா அண்ணனிடம் சொன்னாள், தான் ஹாஸ்டலுக்குப் போவதாக, வீடு கட்டி முடித்த பிறகும் அங்கேயே இருந்துகொள்வதாக.

"கோவமா பாப்பா?"

"இல்லண்ணா. ஆபீஸ் பக்கம்."

"ஊர் என்ன பேசும்? தங்கச்சியைத் துரத்திட்டான்னு சொல்ல மாட்டாங்களா?"

"வேலைக்குப் போறான்னு சொல்லு."

அண்ணனின் கண் கலங்கியது. அது நிஜம். எழுந்து வந்து அவள் தோளில் கை வைத்தான். "எப்ப வேணா வா. உன் இடம் உனக்குத்தான்" என்றான். எந்த இடம் என்று அவளும் கேட்கவில்லை.

அடுப்படியிலிருந்து அண்ணியின் குரல் வந்தது. "பாப்பா, நீ வரலேன்னா, அந்த ஸ்டோர்ல ரெண்டு பக்கமும் ஷெல்ஃப் போட்டுடலாமா?"

அண்ணன், "இப்ப இது ரொம்ப அவசியமா?" என்று அதட்டினான்.

"போடலாம் அண்ணி" என்றாள் பாப்பா. தாளை மேஜையில் விரித்தாள். "ஆழம் எவ்வளவு வேணும்?"

"ஒண்ணேகால் அடி இருந்தா நல்லது."

பாப்பா பென்சிலால் இரண்டு பக்கமும் கோடு இழுத்தாள். இந்தத் தடவை கனம் விட்டு, இரண்டு இரண்டு கோடாக.

"நடுவுல நாலேகால் அடி நிக்கும். போதுமா?"

அண்ணி வந்து எட்டிப் பார்த்தாள். "தாராளம். ஒரு ஆள் உள்ளே போய் சாமானை எடுத்துட்டு வந்துடலாம்."