யார் பேரில் செய்யட்டும்?

இதில் ஒரு சொல் பொய் என்றாலும் என் வாயில் மிச்சமிருக்கும் பற்கள் இன்றே உதிரட்டும். கண்ணால் கண்டதையும் காதால் கேட்டதையும் தவிர வேறெதையும் எழுதவில்லை.

பரவை மார்க்கெட்டுக்குப் பின்னால் இருக்கிற ராஜபாண்டியின் கம்ப்யூட்டர் கம்பெனிக்கு நான் வாசல் காவல். விடியும்போதே முத்துமீனா வந்துவிடுவாள். பின்னாலேயே அழகுபாண்டியும் தமிழ்ச்செல்வியும். மாடி அறையில் ஏசி செத்து மாதங்கள் ஆகின்றன. சர்வர்கள் இரைந்து அனல் கக்கும். அந்த அனலில் நான் வேட்டி உலர்த்துவதுண்டு. ஒரு மழைநாளில் இட்லியும் அவித்தேன், பூப்போல வந்தது. ஒரே மேசை விசிறியை மாற்றி மாற்றித் திருப்பிக்கொண்டு, விரல் நுனியில் வியர்வை வழுக்க, மூவரும் வேலை பார்ப்பார்கள்.

வேலை, கன்டெய்னர்களைக் கட்டி மேய்ப்பது. லாரியில் போகும் இரும்புப் பெட்டி அல்ல. ஒரு மென்பொருளை அதற்கு வேண்டிய சாமான்களோடு கட்டி வைத்த, கண்ணுக்குத் தெரியாத பெட்டி. மார்க்கெட் கமிஷன் கடைகளின் பில்லுக்கு ஒன்று, கல்யாண மண்டபத்துக்கு ஒன்று என ஊர்ப்பட்ட பெட்டிகள். ஒரு சர்வர் திணறினால் பெட்டியை இன்னொன்றுக்கு மாற்ற வேண்டும். விழுந்ததை எழுப்ப வேண்டும். முதலில் வருகிற முத்துமீனா தன் பெயரும் கடவுச்சொல்லும் போட்டுச் சர்வரைத் திறப்பாள். மற்றவர்களும் அதிலேயே உட்கார்ந்துவிடுவார்கள். வீட்டுச் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு வருகிற ஊர்க்காரர்கள், வேறெப்படி இருப்பார்கள்.

சித்திரையில் ராஜபாண்டி ஒரு ஏஐ ஏஜென்டைக் கொண்டுவந்து இறக்கினார். வாயால் சொன்னால் போதும், எல்லாச் சர்வர்களிலும் அதுவே பெட்டிகளை நகர்த்தும், நிறுத்தும், அழிக்கும். அழிக்குமுன் மட்டும் "செய்யட்டுமா?" என்று கேட்கும். மறுமாதமே மூவருக்கும் சம்பளம் குறைந்தது. "பாதி வேலைய அது பாக்குதுல்ல" என்றார்.

அதிலிருந்து அறைக்குள் யாரும் வாய்விட்டுப் பேசவில்லை. "மொகத்தப் பாத்தே மொதலாளிக்குச் சொல்லுதோ என்னமோ" என்று தமிழ்ச்செல்வி கேமராமேல் ஸ்டிக்கர் பொட்டை ஒட்டினாள். அழகுபாண்டி கிசுகிசுக்க என்னிடம் இறங்கி வருவான். டீ கொண்டுவருபவரைக் கண்டால் அதையும் நிறுத்திவிடுவான்.

ஆடியில் ஒரு விடியல். ஏலம் முடிந்து பில் போடுகிற நேரத்தில் கமிஷன் கடைகளின் பெட்டி அழிந்தது. தக்காளி இறக்கிய விவசாயிகள் வெறுங்கையோடு நின்றார்கள். ராஜபாண்டி மூச்சு வாங்க மாடியேறினார்.

"அழிச்சது நீதான். உம்பேருதான் நிக்குது. தப்ப ஒத்துக்கிட்டு ராஜினாமா எழுதிக் குடுத்துட்டுப் போம்மா."

"நான் இப்பத்தான் சார் உள்ள வாரேன்" என்றாள் முத்துமீனா. அவள் தோளில் பை இன்னும் தொங்கியது. "இந்தப் பேரோட வெளிய போனா வேற எவன் சேப்பான்?"

"அப்ப உம்பேருல பேயா வந்து அழிச்சுச்சு?"

"உங்க ஏஜென்ட்டு அழிச்சிருக்கும். அதுக்கு யாரு பேரக் குடுத்தீங்க?"

ராஜபாண்டி விசிறியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். "உம்பேருதான் தொறந்து கெடந்துச்சு. அதுலயே உக்கார வச்சேன். சும்மா சும்மா கேட்டா வேலை ஓடாதுன்னு, எல்லாத்துக்கும் சரின்னும் போட்டு வச்சேன். நல்லதுக்குத்தான்."

"எங்க சம்பளத்தத் தின்னது அது. பழிய மட்டும் அக்கா திங்கணுமா?" என்றான் அழகுபாண்டி.

"மாப்ள, வாசல் அந்தா இருக்கு."

"இருக்கட்டும். போனா மூணு பேரும் சேந்தே போறோம்."

முத்துமீனா பையைக் கீழே வைத்தாள். "எங்கய்யா கீழ மார்க்கெட்டுல சுமை தூக்குறாரு சார். அங்க ஒத்தையா யாரும் மூட்டைய ஏத்த மாட்டாக. ரெண்டு பேரு கை குடுக்கணும், விழுந்தா எல்லாரும் பதில் சொல்லணும். இனி இங்கயும் அப்படித்தான். அவங்கவங்க பேருல அவங்கவங்க. அழிக்கணும்னா மூணு பேரும் வாய்விட்டுச் சரின்னு சொல்லணும். ஏஜென்ட்டு உங்க பேருல வேலை பாக்கட்டும்."

"எம்பேருலயா? நாளைக்கு எதாச்சும் ஆச்சுன்னா?"

தான் கேட்டது அவருக்கே கேட்டிருக்க வேண்டும், விசிறியை நிறுத்தினார்.

விவசாயிகளை நிற்கவைக்க மனமில்லாமல், கமிஷன் கடைப் பெட்டியை மட்டும் மூவரும் சேர்ந்து எழுப்பினார்கள். முத்துமீனா தன் பெயரைச் சொல்ல, மற்ற இருவரும் "சரி" என்றார்கள். கீழே பில் ஓடத் தொடங்கியது. பிறகு முத்துமீனா தன் பெயரை மூடினாள். திரையில் ஏஜென்ட் கேட்டது: "யார் பேரில் செய்யட்டும்?" மூவரும் கைகளை மடியில் வைத்துக்கொண்டார்கள். ராஜபாண்டி கைகளைப் பேன்ட் பைக்குள் விட்டுக்கொண்டார்.

காத்திருந்து பார்த்த ஏஜென்ட், கடைசியில் வாசல் போனில் என்னைக் கூப்பிட்டது. "அண்ணே, நீங்களாச்சும் ஒரு பேரு குடுங்க."

"மேல மூணு பேரு ஒண்ணா உக்காந்திருக்காகள்ல, அவுகளக் கேளு" என்றேன். "நியாயந்தான்" என்று வைத்துவிட்டது.

அதற்குள் சேதி கேட்டு முத்துமீனாவின் அய்யாவும் மற்றச் சுமைக்காரர்களும் தோள்துண்டோடு வாசலில் வந்து நின்றார்கள். நான் கதவைத் திறந்துவிட்டேன்.

ராஜபாண்டி இன்னும் பெயர் கொடுக்கவில்லை. குறைத்த சம்பளமும் திரும்பவில்லை. ஆனால் ராஜினாமாத் தாள் வெறுமையாகவே கிடக்கிறது. மூன்று குரல்கள் ஒன்றாகச் "சரி" என்பது, தினமும் விடியலில் வாசல்வரை எனக்குக் கேட்கிறது.

ராஜபாண்டி என்னைக் காவலுக்கு வைத்ததே, எனக்கு இரண்டு காதும் அறவே கேட்காது என்பதற்காகத்தான்.