சீமைக்குப் போகாத இலை

"மெதுவா சித்தப்பா, இலை நொறுங்கிரும்" என்றாள் முத்துவடிவு. சொன்ன பிறகுதான், அப்பாவைக் கிடத்த இடம் வேண்டி மூட்டைகளை நகர்த்துகிறார்கள் என்பது அவளுக்கு உறைத்தது. சித்தப்பா இசக்கிப்பாண்டி மூட்டையை உள்ளறையில் மெல்ல இறக்கினார்.

எல்லாம் நிலாவரை இலை. சீமையில் பேதி மாத்திரை செய்ய வாங்கிக்கொண்டிருந்தார்கள். இரண்டு வருடமாக வாங்கவில்லை. பெற்ற மகளைக்கூட அப்பா ஆவுடையப்பன் அப்படிப் பொத்திப் பொத்தி வளர்த்ததில்லை. குற்றாலத்துச் சாரலில் இலை பூசணம் பூத்துவிடக் கூடாதென்று கட்டிலை மூட்டைகளுக்குக் கொடுத்துவிட்டு, தான் ஈரத் தரையில் படுத்தார். அந்தக் குளிர்தான் நெஞ்சில் இறங்கி ஆளைக் கொண்டுபோனது.

மத்தியானம் தூத்துக்குடியிலிருந்து தரகர் மைதீன் வந்தார். மாலையைப் போட்டுவிட்டுத் திரும்பியவரை முத்துவடிவு நடையில் நிறுத்தினாள்.

"இந்த வருசமாவது எடுப்பாங்களா மாமா?"

"இல்ல தாயி. அந்தச் சீமைக் கம்பெனிக்காரன் இப்ப இலை இல்லாமலே மாத்திரை செய்யுதான். நம்ம இலை போனா அவனுக்குப் போட்டி. அவங்க சர்க்கார்ட்ட சொல்லி வரியை ஏத்த வச்சுட்டான்."

"நம்ம சர்க்கார் கேக்காதா?"

"எப்படிக் கேக்கும்? அவனே பம்பாயில ஃபாக்டரி கட்டுதான். அவன் மனசு கோணக் கூடாதுன்னு டில்லியில வாயைத் திறக்க மாட்டேங்காங்க."

"அப்பாட்ட சொல்லிட்டீங்களா?"

மைதீன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "போன மாசமே சொல்லிட்டேன்."

அதற்குப் பிறகும் அப்பா தரையில்தான் படுத்திருந்தார். முத்துவடிவுக்கு அப்பாமேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அழுகை அதற்கப்புறம்தான் வந்தது.

சாயங்காலம் சுடுகாட்டைப் பார்த்துவிட்டுச் சித்தப்பா நனைந்து வந்தார். "வறட்டியெல்லாம் ஊறிக் கெடக்கு. தீப் பிடிக்காது. வீட்ல காஞ்சது ஏதும் இருக்கா?"

ஊரிலேயே ஈரம் படாத பொருள் இந்த வீட்டில்தான் இருந்தது என்பது எல்லாருக்கும் தெரியும்.

முத்துவடிவு உள்ளே போய் ஒரு மூட்டையை இழுத்து வந்தாள்.

"அப்பா ஏசுவாருட்டி" என்றாள் அம்மா முருகம்மாள்.

"ஏசட்டும்."

வண்டியில் மூட்டைகள் முன்னால் போயின. அப்பா பின்னால் போனார். அழுது ஓய்ந்த பெண்கள் குளிக்கக் கிணற்றடிக்கு நடந்தார்கள்.

உள்ளறை காலியாகக் கிடந்தது. ஜன்னல் வழியே சாரல் கட்டில்மேல் அடித்தது. முத்துவடிவு போய் ஜன்னலை இழுத்துச் சாத்தினாள்.