சாண் நீளக் கெளுத்தி

அக்கா மகன் விட்டுப்போன ஒரே உயிருக்குத் துணிக்கடைக்காரர் மனதுக்குள் போட்டிருந்த விலை இரண்டாயிரம். ஆயிரத்து இருநூறில் பேச்சை ஆரம்பிப்பதாக உத்தேசம்.

ஆற்று மீன்களுக்கென்றே நடந்த அந்தக் காட்சிசாலை, பழைய தபால் நிலையத்தின் இரண்டு அறைகள்தான். தங்கமீனைத் தேடி வருகிறவர்கள் கெண்டையையும் அயிரையையும் பார்த்துவிட்டு, "இதை மார்க்கெட்டிலேயே பார்த்திருக்கலாமே" என்று திரும்பிவிடுவார்கள். அக்கா மட்டும் வெள்ளிக்கிழமை தவறாமல் வருவாள். மூன்று வருஷத்துக்கு முன் விரல் நீளக் கெளுத்தி ஒன்றை ஆற்றில் பிடித்து இங்கே கொடுத்த மகன், அதே வருஷம் காய்ச்சலில் போய்விட்டான். இப்போது வீட்டைக் காலி செய்துவிட்டுத் தம்பியோடு வேறு ஊருக்குப் போகிறாள். கெளுத்தியை விட்டுவிட்டுப் போக மனமில்லை.

"பேசுறது நான். நீ மூஞ்சியில ஆசையைக் காட்டிடாதக்கா, விலை ஏறிடும்" என்று வாசலிலேயே சொல்லிவைத்திருந்தார் தம்பி. அந்த மீனுக்கும் தனக்கும் சம்பந்தமே இல்லாதவள் மாதிரி அக்கா தொட்டியருகே நின்றாள்.

மீன்களைப் பார்த்துக்கொள்கிறவர் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். "இங்க விக்கிறதில்ல சார். அம்மாவுக்குன்னா எடுத்துட்டுப் போங்க. சின்னத் தொட்டியும் காத்து மோட்டாரும் தரேன், அதுக்கு மட்டும் முந்நூறு குடுங்க."

முந்நூறை எடுத்துக் கொடுத்துவிட்டு வந்திருக்கலாம். ஆனால் சொன்ன விலைக்கு ஒரு பொருளை வாங்கினால் துணிக்கடைக்காரருக்கு அன்று சோறு இறங்காது. சரக்கைப் பழித்துத்தான் அவர் நாக்குக்குப் பழக்கம்.

"முந்நூறா? மீசை ஒண்ணு ஒடிஞ்சிருக்கு. நிறமும் சாயம் போன துணி மாதிரி இருக்கு."

"சரி சார், எரநூத்தம்பது குடுங்க."

"அட போங்க! மூணு வருஷம் வளர்ந்த கெளுத்தி முழங்கை நீளம் வேணாமா? இது சாண்கூட இல்ல. தீனியை அதுக்குப் போட்டீங்களா, நீங்களே சாப்பிட்டீங்களா?"

அவர் பதில் சொல்லவில்லை. எதிராளி வாயடைத்தால் விலை இறங்கப்போகிறது என்று அர்த்தம். கடைக்காரருக்கு உற்சாகம் பிறந்தது. "ஒரு வருஷ மீனுதான் இது. தினமும் துணி அளக்கிறவன்கிட்டயேவா?"

அக்கா திரும்பினாள். "மீனு மெலிஞ்சிருக்கேன்னு அன்னைக்கே கேட்டேன். மழைக்காலத்துல அப்படித்தாம்மான்னு சொன்னீங்க."

"போன மழையில கரண்ட் போச்சும்மா" என்றார் அவர், தரையைப் பார்த்து. "மோட்டார் நின்னுடுச்சு. காலைல வந்தா மிதக்குது. வெள்ளிக்கிழமை நீங்க வருவீங்களேன்னு, அதே ஆத்துல போய் இன்னொண்ணு பிடிச்சேன்."

"அதை எங்க போட்டீங்க?"

"பின்னாடி, குழாயடியில. புதைச்சேம்மா."

அக்கா தலையசைத்தாள். கண்ணாடிக்கு உள்ளே கெளுத்தி எப்போதும்போல அவள் விரல் இருந்த பக்கமாக நீந்தி வந்து, வாயைத் திறந்து மூடியது. அவள் விரலை எடுத்துக்கொண்டாள்.

தெருமுனைக்கு வந்ததும், "கேட்ட காசைக் குடுத்திருக்கலாமேடா" என்றாள். குரலில் கோபம்கூட இல்லை.

பணம் கைமாறவில்லை. வரவு ஒன்றுமில்லை. பற்று கெளுத்தி ஒன்று. செத்து எட்டு மாதமாகிவிட்டது, அன்றுதான் கணக்கில் ஏறியது.