ஏற்றுமதி ஆனதா, இல்லையா?

லூனாசில் பிரேமாவதியின் பட்டறை, ரப்பர் ஷீட் பிழியும் உருளை இயந்திரங்களுக்குப் பேர்போனது. உருளைக்கான இரும்பு வெளிநாட்டிலிருந்து வரும். வந்ததுமே சுங்க வரி கட்டியாக வேண்டும். அந்த இரும்பில் செய்த இயந்திரத்தை ஓராண்டுக்குள் ஏற்றுமதி செய்துவிட்டால், கட்டிய வரியைத் திரும்பக் கேட்கலாம். அது வந்தால்தான் அடுத்த இரும்பு வாங்க முடியும். இந்த முறை அந்த ஓராண்டு வெள்ளிக்கிழமையோடு முடிகிறது.

அதனால்தான் மழையையும் பாராமல் திங்களன்றே இயந்திரங்களோடு லோரியைத் தாய்லாந்திலுள்ள ஹட்யாய்க்கு அனுப்பினாள். டிரைவர் பரஞ்சோதி, எல்லையில் புக்கிட் காயு ஹீத்தாமில் நம் பக்கத்துச் சுங்க வாசலைத் தாண்டிவிட்டதாகச் சொன்னபோது அப்பாடா என்று இருந்தது. கொஞ்ச நேரத்தில் மறுபடியும் போன் வந்தது. தாய்லாந்துப் பக்கம் சாலையெல்லாம் வெள்ளம், நிறுத்த இடமில்லை என்று லோரியைத் திருப்பிவிட்டார்களாம். திரும்பி வந்தால் நம் சுங்க ஆட்களும் உள்ளே விடவில்லையாம்.

"சாமான் வெளிய போயிருச்சாம் தங்கச்சி. இப்ப உள்ள வந்தா அது இறக்குமதியாம். அதுக்குத் தனியா வரி கட்டணும்னு கஸ்டம்ஸ் யார்டுல நிறுத்திட்டானுங்க."

பிரேமாவதி யோசித்துப் பார்த்தபோது அதில் ஒரு நல்லதும் தெரிந்தது. வெளியே போனதாக அவர்களே சொல்கிறார்கள் என்றால், ஏற்றுமதி ஆகிவிட்டது என்றுதானே பொருள்? மறுநாள் காலையிலேயே அலோர் ஸ்டாரிலுள்ள சுங்க அலுவலகத்துக்குக் காரை விட்டாள்.

வரியைத் திருப்பித் தரும் பிரிவில் ஹேமநாதன் என்ற இளம் அதிகாரி இருந்தார். பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, ஏற்றுமதி ஆகவில்லை என்றார். சரக்கு நாட்டைவிட்டுப் போய்ச் சேர்ந்தால்தான் ஏற்றுமதி. வாசலைத் தாண்டி நின்றுவிட்டுத் திரும்பியது கணக்கில் வராது என்று விளக்கினார். அங்கே யார்டில் வேறு மாதிரி சொல்கிறார்களே என்று அவள் குரலை உயர்த்தவும், அவரே எல்லைக்குப் போன் போட்டார். மலாயில் வெகுநேரம் மரியாதையாகப் பேசிக்கொண்டார்கள். போனை வைத்துவிட்டு, அவர்கள் சொல்வதும் சரிதான் என்றார். எல்லைக் கோட்டுக்கு அந்தப் பக்கமிருந்து வருவது எதுவானாலும் அவர்களுக்கு இறக்குமதிதானாம்.

"அப்ப என் சரக்கு வெளியவும் போகல, உள்ளயும் இல்லன்னா எங்கதான் தம்பி இருக்கு?"

"யார்டுல இருக்குக்கா," என்றார் அவர். கிண்டல் செய்யவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் லோரி எப்படியாவது அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று மட்டும் சொன்னார்.

காருக்குள் உட்கார்ந்து, சரக்கை வாங்கும் ஹட்யாய் வியாபாரியைக் கூப்பிட்டாள். லைன் கிடைப்பதற்குள் விரல் வலித்துப்போனது. கிடைத்ததும் கடுகடுவென்று ஆரம்பித்தவள், பின்னால் கேட்ட தண்ணீர் இரைச்சலில் நிறுத்திக்கொண்டாள். மனிதர் மாடியில் இருந்தார். கீழே கடை முழுகிவிட்டது. குழந்தைகளுக்குச் சோறு படகில் வருகிறதாம். இந்த நிலையில் லோரியைப் பற்றிக் கேட்கவே அவளுக்குக் கூச்சமாக இருந்தது. அவரே உடைந்த மலாயில் விஷயத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, எல்லையை ஒட்டிய டானோக்கில் தன் மைத்துனியின் பழக் கொட்டகை காய்ந்துதான் கிடக்கிறது, அங்கே இறக்கிவிடு, அவள் கையெழுத்துப் போட்டு எடுத்துக்கொள்வாள் என்றார்.

டானோக், எல்லை வாசலைத் தாண்டியதும் கூப்பிடு தூரம்தான். முதல் நாளே இது யாருக்கும் தோன்றாமல் போயிற்றே என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

தாய்லாந்துப் பக்கத்து யார்டில் லோரிக்கு இடம் கிடைக்க வியாழனாயிற்று. வெள்ளி காலை பாஸ்போர்ட்டோடு போய் லோரியில் ஏறிக்கொண்டாள். பரஞ்சோதி நாலு நாளாக வண்டியிலேயே படுத்துக் கிடந்ததில் முதுகைப் பிடித்துக்கொண்டிருந்தார். வாசலில் இருந்த அதிகாரி, பழைய ஏற்றுமதி பாரம் ஏற்கெனவே உபயோகமாகிவிட்டது, புதிதாக ஒன்று நிரப்பிக் கொடுக்க வேண்டும் என்றார்.

"உபயோகம் ஆயிருச்சுன்னா ஏற்றுமதி ஆயிருச்சுன்னு எழுதிக் குடுங்க, நான் வீட்டுக்குப் போறேன்," என்று அவள் மலாயில் சொன்னதற்கு அவர் சிரித்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. புது பாரம் போட்டு முடிக்க மத்தியானமாகிவிட்டது. மூன்று மணி வாக்கில் லோரி வாசலைத் தாண்டியது. தாய்லாந்து அதிகாரி முத்திரை குத்தி, இந்த முறை முன்னே போகச் சொல்லிக் கைகாட்டினார். பிரேமாவதி கொட்டகையில் கடைசி இயந்திரம் இறங்கும்வரை நின்று பார்த்தாள். மறுபடியும் யாராவது திருப்பி ஏற்றிவிடுவார்களோ என்ற பயம்.

அடுத்த வாரம் ஹேமநாதன் கூப்பிட்டார். நம் வாசலில் குத்திய முத்திரை திங்களுக்கு ஒன்று, வெள்ளிக்கு ஒன்று என்று இரண்டு இருக்கிறதே, எதை ஏற்றுமதித் தேதியாக எழுதுவது என்று கேட்டார்.

"எதுல பணம் வருமோ அத எழுதுங்க லா தம்பி."

அவர் இரண்டாவதை எழுதினார். பல மாதம் இழுத்தடித்துப் பணம் வந்தது. அதற்குள் இரும்பு விலை ஏறியிருந்தது.

தண்ணீர் வடிந்ததும் வியாபாரி புது ஆர்டர் கொடுத்தார். கடையில் இருந்த இயந்திரமெல்லாம் சேற்றில் போய்விட்டன. இந்த முறை நீங்களே லூனாசுக்கு லோரி கொண்டுவந்து எடுத்துக்கொள்ள முடியுமா என்று பிரேமாவதி கேட்டாள். அந்த வாசல் பக்கமே என்னைக் கூப்பிடாதே என்றார் அவர்.