குறடு இணைப்பை மாற்றிய கதை

ஆஸ்பத்திரிக் கட்டில்கள் செய்யும் தொழிற்சாலையில் கொள்முதல் மேலாளராக இருந்தவருக்குச் சப்ளையர்கள் முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர் குறடு. சக்கரம் விற்பவர், இரும்புக் குழாய் விற்பவர், மெத்தைக்கு நுரை விற்பவர் என்று யார் வந்தாலும் சொன்ன விலையில் ஒரு துண்டைப் பிடுங்காமல் அனுப்பமாட்டார். அந்தப் பெயர் தன் காதுக்கு எட்டிய நாளில் அவர் கோபப்படவில்லை. வீட்டுக்குப் போனதும் மனைவியிடம் சொல்லிவிட்டு, அவள் அசந்து போகிறாளா என்று ஓரக்கண்ணால் பார்த்தார்.

"பல்லு பிடுங்கற குறடா, ஆணி பிடுங்கற குறடா?" என்று மட்டும் கேட்டுவிட்டு அவள் துணி மடிக்கப் போய்விட்டாள்.

அப்பேர்ப்பட்டவருக்குத்தான் ஒரு புதன்கிழமை காலை அந்த மின்னஞ்சல் வந்தது. 'தங்கள் அனுபவத்தை மேலும் மெருகேற்றும் நோக்கில்' என்று தொடங்கி, நான்கு பத்தி வழவழவென்று போய், வீட்டு இணையக் கட்டணம் அடுத்த மாதம் முதல் இருபத்திரண்டு சதவீதம் கூடுகிறது என்று முடிந்தது. உண்மையைச் சொன்னால் அவருக்குக் கோபத்தைவிட உற்சாகம்தான் அதிகம் வந்தது. வீட்டில் அவருடைய திறமைக்கு இதுவரை வேலையே இருந்ததில்லை. காய்கறிக் கடைக்காரர்கூட அவரைப் பார்த்தால் விலையைக் கறாராகச் சொல்லிவிட்டு, அவர் மனைவி வந்தால் தானாகவே குறைப்பார்.

"இவனுங்களை விடப்போறதில்ல. கம்பெனியையே மாத்திடறேன்" என்றார்.

மனைவி தன் மேசையில் படம் போட்ட அட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். பக்கவாதத்தில் பேச்சை இழந்தவர்களுக்கு மறுபடி பேசக் கற்றுத்தருவது அவள் தொழில். வாரத்தில் நான்கு நாள் ஆஸ்பத்திரியில், மற்ற நாட்களில் வீட்டுப் பின்னறையில் கணினி முன்னால்.

"மாத்துங்க, மாத்தாம இருங்க. என் செஷன் நேரத்துல மட்டும் கை வைக்காதீங்க. சனிக்கிழமைன்னா பதினோரு மணிக்கு ஏலக்காரர் வர்றாரு."

"எங்க வர்றாரு?"

"ஸ்க்ரீன்லதான்."

அந்த வாரம் முழுக்க அவர் ஒப்பீட்டு அட்டவணை ஒன்று தயாரித்தார். ஐந்து கம்பெனிகள், பதினேழு பத்திகள். வேகம், ஒப்பந்தக் காலம், புகார் எண் ஒலிக்கும் நேரம் என்று தொடங்கி, கடைசிப் பத்தியில் மோடம் பெட்டியின் நிறத்தைக்கூடக் குறித்திருந்தார். மனைவியின் தம்பி போன மாதம்தான் வேறொரு கம்பெனிக்கு மாறியிருந்தான். அவனிடம் எப்படி முடிவெடுத்தாய் என்று கேட்டதற்கு, "ஒரு போன் போட்டேன் அத்தான். வந்து மாட்டிட்டுப் போயிட்டான்" என்றான். இதுவும் ஒரு முடிவா என்று அவருக்கு அவன்மேல் இரக்கமாக இருந்தது. ஆனால் அட்டவணையில் முதலிடம் பிடித்ததும் அதே கம்பெனிதான். அதை அவனிடம் சொல்லவில்லை.

உண்மையில் மாறும் எண்ணமே அவருக்கு இல்லை. போகிறேன் என்று மிரட்டினால் பழைய கம்பெனி பழைய விலைக்கு இறங்கிவிடும், இதுதான் திட்டம். சப்ளையர்களிடம் ஒருநாளும் பொய்க்காத ஆயுதம் ஒன்று அவரிடம் இருந்தது. எதிராளி விலை சொன்னதும் பதில் பேசாமல் பத்து விநாடி சும்மா இருப்பார். ஆறாவது விநாடியில் நாற்காலியில் நெளிவார்கள். எட்டாவதில் தாங்களே குறைத்துவிடுவார்கள்.

செவ்வாய் மாலை வாசலில் நின்று போன் போட்டார். இருபத்தைந்து நிமிடம் பாட்டுக் கேட்ட பிறகு ஒரு பெண் வந்தாள். விலை உயர்வைப் பற்றிக் கேட்டார். "ஆமா சார், எல்லாருக்கும் ஏறியிருக்கு" என்றாள். அவர் மௌனத்தைத் தொடங்கினார். ஒன்று, இரண்டு, மூன்று என்று மனத்துக்குள் எண்ணினார்.

"ஹலோ? சார்? லைன்ல இருக்கீங்களா?"

அவர் அசையவில்லை. ஏழு, எட்டு.

"லைன் கட்டாயிடுச்சு போல" என்று யாரிடமோ சொல்லிவிட்டு அவள் வைத்துவிட்டாள்.

மறுபடி இருபது நிமிடப் பாட்டு. இந்த முறை வேறொரு பெண். மௌனம் இங்கே எடுபடாது என்று தெரிந்துகொண்டதால் நேரடியாகவே இறங்கினார்.

"ஆறு வருஷமா உங்க கஸ்டமர்மா நான். பழைய விலைக்கே தர்றீங்களா, இல்ல வேற கம்பெனிக்குப் போகட்டுமா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க."

"சரிங்க சார், இணைப்பை நிறுத்திடலாம்" என்றாள் அந்தப் பெண், வெகு இதமாக. "எந்தத் தேதியிலேர்ந்து?"

இதற்கு அவர் தயாராக இல்லை. இருபது வருட அனுபவத்தில் எந்தச் சப்ளையரும் 'சரி, போய்ட்டு வாங்க' என்று சொன்னதில்லை. அப்போதாவது 'கொஞ்சம் இரும்மா, யோசிச்சுச் சொல்றேன்' என்று சொல்லியிருக்கலாம். ஆனால் வீறாப்பு என்று ஒன்று இருக்கிறதே. அது அவரைக் கேட்காமலேயே வாயைத் திறந்தது.

"உடனே."

"உடனேன்னா வெள்ளிக்கிழமை காலையில ஒன்பது மணிக்குப் போட்டுடறேன் சார். வேற எதுலயாவது உதவி வேணுமா?"

வேண்டியிருந்தது. ஆனால் கேட்கவில்லை.

உள்ளே வந்தவரிடம் மனைவி, "என்ன ஆச்சு?" என்றாள்.

"பேச்சுவார்த்தை போயிட்டிருக்கு. நம்ம பக்கம்தான் சாயுது."

குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு புதுக் கம்பெனிக்குப் போன் செய்தார். அவர்கள் சீக்கிரமாக வரக்கூடிய நாள் அடுத்த செவ்வாய். வெள்ளி முதல் செவ்வாய் வரை நான்கு நாள். இடையில் சனிக்கிழமை. சனிக்கிழமை பதினோரு மணி.

செல்போன் இணையத்தை வைத்துச் சமாளித்துவிடலாம் என்று நினைத்தார். ஆனால் அவர்கள் வீடு தரைத்தளம். நாலா பக்கமும் உயரமான கட்டடச் சுவர். வியாழன் மாலை, மனைவி இல்லாத நேரத்தில், போனைக் கையில் உயர்த்திப் பிடித்துக்கொண்டு அறை அறையாக நடந்தார். குளியலறை ஜன்னலோரம் மட்டும் இரண்டு கோடு தெரிந்தது. ஒரு பக்கவாத நோயாளிக்கு அங்கே உட்கார்ந்து பாடம் நடத்தச் சொல்லி மனைவியைக் கேட்கும் துணிச்சல் அவருக்கு இல்லை. அவள் வந்ததும், கம்பெனிக்காரர்கள் ஏதோ குளறுபடி செய்துவிட்டார்கள், நான்கு நாள் இணையம் இருக்காது என்று சொல்லி, கம்பெனிக்காரர்களை நன்றாகத் திட்டிவிட்டு, சனிக்கிழமை பாடத்தைப் போனில் பேசியே நடத்தலாமே என்றார்.

அவள் கைப்பையை வைத்துவிட்டு அவர் பக்கம் திரும்பினாள். "பேசறது மட்டும் கேட்டா போதாதுங்க. நான் உதட்டைக் குவிக்கறதும் சத்தமும் ஒண்ணா வரணும். அரை விநாடி பிந்திச்சுன்னாலும் அவர் குழம்பிடுவாரு. மூணு மாசமா இப்பதான் ஒரு வழிக்கு வந்திருக்காரு."

"எங்க ஆபீசுக்குப் போயிடலாம். அங்க இணையம் பறக்கும்" என்றார். சொன்ன பிறகுதான் அது நல்ல யோசனை என்று அவருக்கே தெரிந்தது.

வெள்ளிக்கிழமை சரியாக ஒன்பது மணிக்கு இணைப்பு அறுந்தது. ஆறு வருடத்தில் அந்தக் கம்பெனி சொன்ன நேரத்துக்குச் செய்த முதல் காரியம் அதுதான்.

சனிக்கிழமை அலுவலகம் விடுமுறை. வாசலில் காவலர் மட்டும் இருந்தார். வெளியாள் யார் வந்தாலும் பதிவேட்டில் எழுதாமல் உள்ளே விடக்கூடாது என்பது விதி. அந்த விதியை எழுதியவரே குறடுதான் என்பதால் அவரால் முணுமுணுக்கவும் முடியவில்லை. பதிவேட்டில் மூன்றே வகைதான் அச்சிட்டிருந்தது: வாடிக்கையாளர், தணிக்கையாளர், சப்ளையர்.

"மேடத்தை எதுல போடறது சார்?"

"சப்ளையர்னே போடுங்க" என்றாள் மனைவி.

"என்ன சப்ளைன்னு எழுதணும் மேடம்."

"பேச்சு."

காவலர் எழுத்துக்கூட்டி எழுதி, கழுத்தில் மாட்டிக்கொள்ள ஒரு அட்டையும் கொடுத்தார்.

கண்ணாடிச் சுவர் வைத்த கூட்ட அறைக்குள் அவள் கணினியை வைத்து உட்கார்ந்தாள். அவர் வெளியே, சப்ளையர்களைக் காக்க வைக்கும் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். இத்தனை வருடத்தில் அதில் அவர் உட்காருவது இதுதான் முதல் முறை. அதற்கு ஒரு கால் குட்டை. கால் மணிநேரத்தில் இடுப்பு கடுத்தது. எழுந்து போகலாம்தான், ஆனால் உள்ளே நடப்பது அவரைப் பிடித்து வைத்திருந்தது.

திரையில் இருந்தவர் மீன் சந்தையில் முப்பது வருடம் ஏலம் போட்டவர். ஒரே மூச்சில் இருபது விலை சொல்லக்கூடிய வாய் அது என்று மனைவி முன்பு எப்போதோ சொல்லியிருந்தாள். குறடுதான் அரைக் காதில் வாங்கியிருந்தார். இப்போது அந்த வாய் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. மனைவி சாவி படம் போட்ட அட்டையைத் தூக்கிக் காட்டினாள்.

"இது என்னங்கய்யா?"

பதில் இல்லை. அவள் காத்திருந்தாள். வெளியே குறடு பழக்கதோஷத்தில் எண்ணத் தொடங்கினார். பத்து ஆயிற்று. இருபது ஆயிற்று. ஏலக்காரர் நெளிந்தார், நெற்றியைத் தேய்த்தார், வேறு பக்கம் பார்த்தார். அவள் முகத்தில் ஒரு அவசரமும் இல்லை, அன்றைக்கு முழுக்க அவளுக்கு அந்த ஒரு வேலைதான் என்பதுபோல. முப்பத்தைந்து. குறடுக்கே தாங்கவில்லை, கண்ணாடிக்கு வெளியே இருந்து 'சாவி, சாவி' என்று வாயை அசைத்தார். அவள் ஓரக்கண்ணால் ஒரு பார்வை பார்த்தாள். வாயை மூடிக்கொண்டார்.

"சா" என்றார் ஏலக்காரர். அவள் தலையை மட்டும் ஆட்டினாள். இன்னும் கொஞ்ச நேரம் போயிற்று.

"சா... வி."

"அதேதான்."

"சாவி" என்றார் அவர் மறுபடி, இந்த முறை தெளிவாக. அடுத்த கணம், எங்கேயோ அடைபட்டுக் கிடந்தது உடைத்துக்கொண்டு வந்தமாதிரி, "சாவி ஒரு தரம், சாவி ரெண்டு தரம், சாவி மூணு தரம்" என்று கணீரென்று முடித்து, மேசையில் கையால் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார்.

அவருக்குப் பின்னால் நின்ற அவர் மனைவி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். இந்தப் பக்கம் குறடின் மனைவி சிரித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டாள், மறுபடி சிரித்தாள். "யாருக்குங்கய்யா வித்தீங்க?" என்று கேட்டாள். அதற்கு அவரிடம் சொல் இல்லை; விரலை நீட்டி அவளையே காட்டினார்.

வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தவர் கைக்குட்டையைத் தேடினார். அந்த நேரம் பார்த்துக் காவலர் வந்து, "யாரையாவது பார்க்கணுமா சார்?" என்றார். பிறகு ஆள் யாரென்று தெரிந்து நாக்கைக் கடித்துக்கொண்டார்.

வீடு திரும்பும் வழியில் சிக்னலில் வண்டி நின்றபோது அவர் சொன்னார். "கம்பெனிக்காரங்க மேல தப்பில்ல. நான்தான் சும்மா மிரட்டினேன். அந்தப் பொண்ணு சரின்னுடுச்சு."

"தெரியும்."

"எப்படி?"

"வாசல்ல நின்னு 'உடனே'ன்னு சொன்னீங்களே, குரல் கிறீச்சுனு மேல போச்சு. பொய் சொன்னா உங்களுக்கு அப்படித்தான் போகும். குரலைக் கேக்கறதுதானேங்க என் தொழிலே?"

அவர் பதினேழு வருட மணவாழ்க்கையை வேகமாக ஒருமுறை ஓட்டிப் பார்த்தார். "அப்போ இத்தனை வருஷமா..."

"சிக்னல் விழுந்துடுச்சு. வண்டிய எடுங்க."

செவ்வாய்க்கிழமை புதுக் கம்பெனியின் ஆள் வந்து, சுவரில் ஒரு துளை போட்டு, அரைமணியில் மாட்டிவிட்டுப் போனார். பழைய கம்பெனிக்கும் தானே இந்த வட்டாரத்துக்கு வருவதாகவும், இரண்டும் ஒன்றுதான், பெட்டியின் நிறம்தான் வேறு என்றும் போகிறபோக்கில் சொன்னார். நிறம் தனக்கு முன்பே தெரியும் என்று குறடு சொல்லவில்லை.

இரண்டு நாள் கழித்துப் பழைய கம்பெனியிலிருந்து அழைப்பு வந்தது. தாங்கள் மறுபடி சேர்ந்தால் பாதி விலைக்குத் தருகிறோம் என்றாள் ஒரு பெண்.

"இதைப் போன வாரமே சொல்லியிருக்கலாமேம்மா?"

"போன வாரம் நீங்க எங்க கஸ்டமர் சார். இது புதுசா சேர்றவங்களுக்கு மட்டும்தான்."

அவர் வாயடைத்து நின்றார். இது தந்திரமில்லை, நிஜமாகவே பேச்சு வரவில்லை. தொழில்முறையில் யோசித்தபோது அந்தக் கம்பெனிமேல் ஒரு மரியாதைகூட வந்தது. வேண்டாம்மா என்று சொல்லி, நன்றியும் சொல்லி வைத்துவிட்டார்.

புது ஒப்பந்தம் ஒரு வருடத்துக்குத்தான். அது முடிந்ததும் அவர்களும் விலை ஏற்றுவார்கள் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. அப்போது போனில் மனைவிதான் பேச வேண்டும் என்று வீட்டில் ஒருமனதாக முடிவாயிற்று. பக்கத்தில் உட்காரக் குறடுக்கும் அனுமதி உண்டு. வாய் மட்டும் திறக்கக்கூடாது.